கலப்பிரிவும் பயிரின் வளர்ச்சியும்

நாற்றுமேடையில் விதைத்த நெல் சில நாள்களில் முளைவிட்டு, சில வாரங்களில் நடுகைக்கேற்ற நாற்றாகின்றது. பட்டியிற் பிறந்த கன்று சில ஆண்டுகளிலே தாய்ப்பசுவின் அளவை எட்டிவிடுகின்றது. இவ்வளர்ச்சியை எல்லோரும் காண்கின்றனர். அது நிகழும் விதத்தை வெறுங்கண் காண்பதில்லை. அவ்விதத்தை அறிந்த கமக்காரர், தமது பயிரின் எப்பகுதியை முதலிற் காக்கவேண்டும் என்பதையும் அறிந்தவராவர்.

கலமும் நிறமூர்த்தமும்

வீடு கற்களால் ஆவது போல, உயிர்களின் உடல் கலங்களால் ஆகியுள்ளது. ஆயின், கல்லைப் போலக் கலத்தை வெளியிலிருந்து கொணர்ந்து அடுக்க முடியாது. முன்னுள்ள கலம் ஒன்று இரண்டாகப் பிரிவதாலேயே புதுக்கலம் தோன்றுகின்றது. கலத்தின் நடுவே கரு உண்டு. கருவினுள்ளே நிறமூர்த்தங்கள் என்னும் நுண்ணிய இழைகள் உள்ளன. நெல்லுக்கு 24, வெங்காயத்துக்கு 16, பசுவுக்கு 60, மனிதருக்கு 46 என இவற்றின் எண்ணிக்கை ஒவ்வோரினத்துக்கும் வரையறுக்கப்பட்டுள்ளது. பயிரின் இனக்குணங்கள் யாவும் பெரும்பாலும் இவ்விழைகளிலேயே அடங்கியுள்ளன.

பிரிவு நிகழும் விதம்

1882 ஆம் ஆண்டில் ஜேர்மானிய அறிஞர் வால்தர் பிளெமிங், சலமாந்தர் என்னும் ஈரூடகப் பிராணியின் கலங்களைச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, இப்பிரிவை விரிவாக விளக்கினார். இது இழையுருப்பிரிவு எனப்படும்.

பிரிவுக்கு முன்னரே ஒவ்வொரு நிறமூர்த்தமும் தன்னைப் போன்ற பிரதியொன்றை ஆக்கிக்கொள்கின்றது. பின்னர் இழைகள் சுருண்டு தடிக்கின்றன. கருவைச் சூழ்ந்த மென்சவ்வு மறைகின்றது. அடுத்து, அவை கலத்தின் நடுவே வரிசையாக நிற்கின்றன. மூன்றாவதாக, ஒவ்வொன்றினதும் இரு பாதிகளும் பிரிந்து எதிரெதிர் முனைகளுக்கு இழுக்கப்படுகின்றன. இறுதியில் முனைக்கொரு கரு அமைகின்றது. இவ்வாறு, 24 நிறமூர்த்தங்களையுடைய நெற்கலம் ஒன்று, அதே 24 ஐயுடைய இரு கலங்களாகின்றது.

விலங்குக் கலத்துக்குச் சுவர் இல்லையாதலால், அது நடுவே இறுகி இரண்டாகின்றது. தாவரக் கலத்திலோ நடுவில் ஒரு தட்டுத் தோன்றி, வெளிநோக்கி வளர்ந்து, புதுச்சுவராகின்றது. மற்றுமொரு வேறுபாடும் உண்டு. விலங்குகளில் தோல், என்புமச்சை முதலிய பல பகுதிகளிற் கலங்கள் பிரிகின்றன. ஆதலாற் காயம் ஆறுகின்றது. தாவரங்களில் வேர்நுனி, குருத்துநுனி, அரும்பு போன்ற சில இடங்களிலேயே பிரிவு பெரும்பாலும் நிகழ்கின்றது. நெல், புல் ஆகியவற்றில் இலையடியிலும் கணுவின் மேலும் இது நிகழ்வதால், மேய்ந்த புல் மீண்டும் தழைக்கின்றது.

கமக்காரர் கவனிக்கவேண்டியவை

1. நாற்றைப் பிடுங்குமுன் மேடையை நன்கு நனைத்தல் வேண்டும். வேர்நுனிகள் அறுந்தால், புதுவேர் விடும்வரை நாற்றுத் தளர்ந்திருக்கும். கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றுகளை வேரோடு ஒட்டிய மண்ணுடன் நடுதல் நன்று.

2. நிறமூர்த்தங்களின் பிரதியை ஆக்குதற்குப் பொசுபரசும் நைதரசனும் இன்றியமையாதவை. எனவே மண்ணுக்குத் தேவையான பொசுபரசுப் பசளையை அடிக்கட்டுப் பசளையாக நடுகைக்கு முன்னரே மண்ணுடன் கலத்தல் வேண்டும்.

3. தண்டு துளைக்கும் புழு நெல்லின் குருத்துநுனியை அறுத்துவிட்டால், அம்மட்டம் மீண்டும் வளராது; எவ்வளவு பசளை இட்டாலும் பயனில்லை. இளம்பயிராயின் அடியரும்புகள் புது மட்டங்களைத் தரக்கூடும். கதிர்ப்பருவத்தில் அதற்குக் காலம் போதாது. ஆதலால் நடுக்குருத்து வாடுவதை ஆரம்பத்திலேயே கவனித்தல் வேண்டும்.

4. வேர்முடிச்சு வட்டப்புழு மரக்கறிப் பயிர்களின் வேரினுட் புகுந்து இப்பிரிவைக் குழப்புகின்றது. அது உண்ணும் கலங்களிற் கரு பன்முறை பிரியினும் சுவர் எழுவதில்லை. அவை வீங்கிப் புழுவுக்கு உணவு நிலையமாகின்றன. பயிரோ நீரும் பசளையும் இருந்தும் மஞ்சளித்து வாடுகின்றது. பயறின் வேரிலுள்ள நற்கணுக்கள் பக்கத்தில் ஒட்டியிருந்து எளிதிற் கழன்றுவிடும்; வட்டப்புழு முடிச்சோ வேரின் வீக்கமே ஆதலாற் கழலாது. முடிச்சுள்ள நாற்றை நடலாகாது. அறுவடையின்பின் நோயுற்ற வேர்களைத் தோண்டி எரித்து, மண்ணைப் புரட்டி வெயிலிற் காயவிடல் வேண்டும். வாய்ப்புள்ள இடங்களில், நீர் கட்டி நெல் செய்கைபண்ணுதலும் புழுவைக் குறைக்கும்.

5. சின்ன வெங்காயக் குமிழும் வாழைக்குட்டியும் இழையுருப்பிரிவால் வளர்ந்தவை. ஆகையால் தாயின் குணத்தையே பெரிதும் கொண்டிருக்கும். நோயுற்ற தாயிலிருந்து எடுத்தவற்றில் நோயும் உடன்வரும். நல்ல குமிழ்களை விற்று, எஞ்சியவற்றை விதைக்கு வைக்கும் வழக்கம் அடுத்த போகத்து விளைச்சலைக் குறைக்கும். விற்பதற்கு முன்னரே, நோயற்ற பாத்தியிலிருந்து விதைவெங்காயத்தைத் தெரிந்து வைத்தல் வேண்டும்.

ஆகவே, வேர்நுனியையும் குருத்தையும் ஊறின்றிக் காத்து, நல்ல தாயிலிருந்து நடுகைப் பொருளைத் தெரிவுசெய்யும் கமக்காரர் பயிர்வளர்ச்சியின் ஊற்றையே காத்தவராவர்.