'யூ' எங்கே உட்காருவது?

கடன் தொல்லையில் தவிக்கும் நண்பருக்கு ஆங்கிலத்தில் ஆறுதல் சொல்ல வேண்டும். 'ஐ வில் ஸீ யூ த்ரூ' என்றால், கரையேறும்வரை கூடவே இருப்பேன் என்று அர்த்தம். வாய் தவறி 'ஐ வில் ஸீ த்ரூ யூ' என்றால் போச்சு. உன் வேஷத்தைக் கண்டுபிடித்துவிடுவேன் என்றாகிவிடும். ஒரு வார்த்தைகூட மாறவில்லை. 'யூ' ஓர் இடம் தள்ளி உட்கார்ந்ததில் நட்பு சந்தேகமாகிவிட்டது.

நம்மவர்கள் சறுக்குவது கடினமான ஆங்கில வார்த்தைகளில் அல்ல. 'போஸ்ட்போன்', 'டாலரேட்', 'இன்வெஸ்டிகேட்' எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பரீட்சைக்குப் படித்த ஆங்கிலம் அது. லண்டன்வாசி வீட்டில் பேசுவதோ 'புட் ஆஃப்', 'புட் அப் வித்', 'லுக் இன்டு'. எளிய வினையோடு ஒரு துண்டுச் சொல் ஒட்டிக்கொண்டு புது அர்த்தம் தருகிறது. வெளிநாட்டினரை அதிகம் திணறடிப்பது இதுதான் என்று சாமுவேல் ஜான்ஸன் 1755-ல் வெளியான தன் அகராதியின் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார்.

சிக்கல் முற்றுவது பிரதிப்பெயர் நுழையும்போது. 'பிக் அப் த சைல்ட்' சரி. 'பிக் த சைல்ட் அப்' என்பதும் சரி. 'சைல்ட்' போய் 'ஹிம்' வந்ததும் சலுகை ரத்து: 'பிக் ஹிம் அப்' மட்டுமே. ஆங்கில வாக்கியத்தின் அழுத்தம் பெரும்பாலும் கடைசியில் விழும். 'ஹிம்', 'இட்' போன்றவை நோஞ்சான் சொற்கள். அந்த இடத்தைத் தாங்காமல் நடுவில் ஒதுங்கிக்கொள்கின்றன.

எல்லா வினையும் இப்படி வழிவிடாது. 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்பதைப் பிரிக்க முடியாது. 'பிக் அப்'பில் உள்ள 'அப்' வினையின் உறவு. இங்கே 'ஆஃப்டர்' பின்னால் வரும் ஆளின் உறவு. எது எந்த உறவு என்பதைக் காதால் கேட்டுத்தான் பழக வேண்டும். இலக்கணப் புத்தகம் பாதி தூரம்தான் கூட வரும். 'வீ புட் ஹிம் அப்' என்றால் அவரை வீட்டில் தங்கவைத்தோம். 'வீ புட் அப் வித் ஹிம்' என்றால் அவரைச் சகித்துக்கொண்டோம். இரண்டும் ஒரே விருந்தாளியைப் பற்றி இருக்கலாம் என்பது வேறு விஷயம்.

வினையோடு இன்னொன்றை ஒட்டுவது தமிழனுக்குப் புதிதல்ல. குழந்தையைப் 'பார்' என்பது வேறு, 'பார்த்துக்கொள்' என்பது வேறு. ஆங்கிலத்தின் 'லுக் அட்', 'லுக் ஆஃப்டர்' வித்தியாசமேதான். தள்ளுவது வேறு, தள்ளிப்போடுவது வேறு. ஆனால் 'தள்ளித்தான் போட்டார்கள்' என்று ஒரு 'தான்' நுழையலாமே தவிர, 'அதை' என்பதை அங்கே நுழைக்க நமக்குத் தோன்றாது. அது முன்னாலேயே வந்துவிடும். இந்திக்காரருக்கும் அப்படித்தான். வினையைப் பிளந்து ஆளை நடுவில் உட்காரவைக்கும் பழக்கம் இரு மொழிகளின் அன்றாடப் பேச்சிலும் இல்லை.

இந்திய ஆங்கிலம் தனக்கென்று சில உரிமைகளை எடுத்துக்கொண்டிருப்பது உண்மை. நாம் கல்லூரியிலிருந்து 'பாஸ் அவுட்' ஆகிறோம். அமெரிக்கர் காதில் அது மயங்கி விழுவது. நம் பிரயோகமும் அநாதையல்ல. டேராடூன் ராணுவ அகாடமியில் பயிற்சி முடித்தவர்கள் நடத்துவது 'பாஸிங் அவுட் பரேட்'. ஆங்கிலேய ராணுவம் விட்டுச்சென்ற வழக்கு அது. 'ப்ரீபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள்ளேயே போய்விட்டது. இவற்றைத் தவறு என்று திருத்துவது வீண் வேலை.

'பிக் அப் ஹிம்' அந்தக் கணக்கில் சேராது. எதிராளிக்குப் புரியும், காதில் நெருடும், அவ்வளவுதான். ஆனால் தமிழ் மீடியத்தில் படித்து, பொறியியலில் நல்ல மார்க்கும் வாங்கிய பையனை நேர்முகத் தேர்வில் எதிரே அமர்ந்திருப்பவர் எடைபோடுவது பல நேரம் அந்த நெருடலை வைத்துத்தான். ஐந்து வயதில் கான்வென்ட் போனவனுக்கு 'ஹிம்' தானாகவே நடுவில் உட்கார்ந்துவிடுகிறது. இவன் மனத்துக்குள் வாக்கியத்தைக் கோத்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது.