பேய்க்கு உப்பு போதும்

டீயை ஆற்றிக் குடியுங்கள், சொல்கிறேன். பேய், பிசாசு, வேற்றுக்கிரகவாசி என்று ஓடும் தொடரில் திடீரென ஒரு வாரம் வெறும் மனிதர்கள் வில்லனாக வருவார்கள். ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது அந்த வாரம்தான். ஏன்?

பேய்க்கு ஒரு கணக்கு உண்டு. ‘சூப்பர்நேச்சுரல்’ தொடரில் ஆவி வந்தால் பேய் வேட்டைக்காரர்களான சாமும் டீனும் வாசலில் உப்புக்கோடு போடுவார்கள், இரும்புக் கம்பியை எடுப்பார்கள், எலும்பைத் தோண்டி எரிப்பார்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். 2006-ல் வந்த ‘தி பெண்டர்ஸ்’ அத்தியாயத்தில் சாமைப் பிடித்துக் கூண்டில் அடைப்பது ஒரு பண்ணைக் குடும்பம். ஆளைப் பிடித்து, ஓடவிட்டு, வேட்டையாடுவது அவர்கள் வழக்கம். உப்பு என்ன செய்யும்? சகோதரனைப் பறிகொடுத்த பெண் போலீஸ், ஏன் செய்தாய் என்று கேட்கிறாள். ஜாலிக்காக என்று சிரிக்கிறான் அந்தக் குடும்பத்து அப்பன்.

அதே ஆண்டு பிரிட்டனில் ‘டார்ச்வுட்’ தொடர். வேல்ஸ் நாட்டுப்புறத்தில் ஆட்கள் காணாமல் போக, வேற்றுலக வேலை என்று தேடிப் போனவர்களிடம் சிக்குவது மனிதக்கறி தின்னும் ஊர்க்காரர்கள். அங்கேயும் ஏன் என்று கேட்பவள், தேடிப் போனவர்களில் ஒருத்தியான, முன்பு போலீஸில் இருந்த க்வென். பதிலும் ஏறக்குறைய அதேதான்: சந்தோஷமாக இருந்தது. ஆவிக்காவது ஒரு பழி, ஓர் ஏக்கம் இருக்கும், தீர்த்துவைக்கலாம். இங்கே தீர்த்துவைக்க என்ன இருக்கிறது?

என்னைக் கேட்டால், இவை இரண்டும் கொஞ்சம் சௌகரியமான பயம். அவர்கள் எங்கோ ஒதுக்குப்புறத்தில் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிடலாம். ‘தி ட்விலைட் ஸோன்’ தொடருக்காக ராட் செர்லிங் எழுதி, 1960 மார்ச்சில் ஒளிபரப்பான மேப்பிள் தெருக் கதை அப்படி விடாது.

சனிக்கிழமை சாயங்காலம். கரண்ட் போகிறது, போன் போகிறது, கார்கள் நின்றுவிடுகின்றன. கதைப்புத்தகம் படிக்கும் டாமி என்ற பையன் சொல்கிறான்: வேற்றுக்கிரகத்தார் வருமுன், மனிதரைப் போலவே ஒரு குடும்பத்தை அனுப்பிவைப்பார்களாம். அவ்வளவுதான். குட்மேன் வீட்டுக் கார் மட்டும் தானாக ஸ்டார்ட் ஆகிறது. அந்த மனுஷர் தூக்கம் வராமல் ராத்திரியில் வானத்தைப் பார்த்து நிற்பவர். அதுவும் இப்போது குற்றம். இருட்டில் ஓர் உருவம் நடந்து வருகிறது. அதே தெருவில் குடியிருக்கும் சார்லி சுடுகிறான். விழுந்தது, பக்கத்துத் தெருவில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கப் போன அண்டைவீட்டுக்காரர். அந்த நேரம் பார்த்துச் சார்லி வீட்டில் விளக்கு எரிகிறது. உடனே கல் பறக்கிறது.

விளக்கை அணைத்தவர்கள் குன்றின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இறங்கி வரவே இல்லை. கீழே, நெற்றியில் ரத்தம் வழிய, தப்பித்தால் போதும் என்று சார்லி கை நீட்டுகிறான், அந்தப் பையனை நோக்கி.