12 வருடக் காத்திருப்பு... ஏமாற்றிய எட்வர்ட்!

2008-ல் 'மிட்நைட் சன்' நாவலின் 12 அத்தியாயங்கள் இணையத்தில் கசிந்தன. வெறுத்துப்போன ஸ்டெஃபனி மேயர் எழுதுவதையே நிறுத்திவைத்தார். அப்போது ஸ்கூல் படித்த 'ட்விலைட்' ரசிகைகள் வேலைக்குப் போய், சம்பளமும் வாங்கிய பிறகு, 2020 ஆகஸ்டில்தான் முழுப் புத்தகமும் கைக்கு வந்தது.

கதை? அதே ஃபோர்க்ஸ் ஊர், அதே பெல்லா, அதே காதல். சொல்வது மட்டும் இந்த முறை வாம்பயர் எட்வர்ட். சிக்கலே அதுதான்!

'ட்விலைட்'டில் இவன் ஏன் முறைக்கிறான், ஏன் விலகுகிறான் என்று பெல்லாவோடு சேர்ந்து வாசகிகளும் தவித்தார்கள். இதிலோ, பெல்லாவின் ரத்தத்துக்காக வகுப்பையே கொன்றுவிடலாமா என்று அவன் போடும் கணக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. மர்மம் போனபின் மிஞ்சுவது, 650 பக்கங்களைத் தாண்டும் புலம்பல். ராத்திரியில் பெல்லாவின் அறைக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து, அவள் தூங்குவதைப் பார்க்கிறானே... 17 வயதில் ரொமான்ஸாகத் தெரிந்தது, 29 வயதில் போலீஸ் கேஸாகத் தெரிகிறது.

பெல்லாவைக் காப்பாற்ற எட்வர்ட் ஃபீனிக்ஸுக்குப் பறக்கும் கடைசிப் பகுதி மட்டும் புதுசு, விறுவிறுப்பும் அங்கேதான். அதுவரை பொறுமை இருந்தால்!