1,400 கி.மீ. சுத்திப் போயும் 2 மணி நேரம் மிச்சம்! டெல்லி-சான்பிரான்சிஸ்கோ விமான ரகசியம்

பக்கத்து ஊருக்குப் போவதென்றாலும் குறுக்கு வழி இருக்கிறதா என்றுதான் பார்ப்போம். ஆனால் சுத்திப் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்று காட்டியது ஏர் இந்தியா விமானம்.

டெல்லியில் இருந்து அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகருக்கு ஏர் இந்தியா 2015 டிசம்பரில் நேரடி விமானம் விட்டது. முதலில் மேற்குப் பக்கமாக, அட்லாண்டிக் கடல் வழியாகப் போனது. தூரம் சுமார் 13,900 கி.மீ. 16 மணி நேரத்துக்கு மேல் ஆனது.

2016 அக்டோபரில் ரூட்டை மாற்றினார்கள். கிழக்குப் பக்கமாக, பசிபிக் கடல் வழியாகப் பறந்தது. தூரம் 15,300 கி.மீ. அதாவது 1,400 கி.மீ. கூடுதல். டெல்லியில் இருந்து மும்பைக்கு ரெயிலில் போகிற தூரம்! ஆனால் பயண நேரம் 14½ மணியாகக் குறைந்தது.

காற்று செய்த வேலை

இது எப்படி? பூமிக்கு மேலே சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்கு நோக்கிப் பலத்த காற்று வீசுகிறது. ஆற்றோடு போகிற படகு மாதிரி, கிழக்கே போகும் விமானத்தை இது தள்ளி விடும். எதிரே வந்தால் இழுத்துப் பிடிக்கும்.

900 கி.மீ. வேகத்தில் போகிற விமானத்துக்கு 100 கி.மீ. காற்று பின்னால் இருந்தால் வேகம் 1,000. எதிரே இருந்தால் 800 தான். 14½ மணியில் 15,300 கி.மீ. என்றால் மணிக்கு சராசரியாக 1,055 கி.மீ.

'பூமி கீழே சுத்துவதால்தான் நேரம் குறைகிறது' என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுற்றுகிறது.

வழி அடைத்தாலும் நேரம் மாறும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. இதனால் ஐரோப்பா, அமெரிக்கா செல்லும் விமானங்கள் சுத்திப் போக வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை எங்கே போச்சு?

டிக்கெட்டில் ஏறும் நேரம் ஏறுகிற ஊர் கணக்கு. இறங்கும் நேரம் இறங்குகிற ஊர் கணக்கு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சான்பிரான்சிஸ்கோ நேரம் நம்மைவிட கோடையில் 12½ மணியும், குளிர்காலத்தில் 13½ மணியும் பின்தங்கி இருக்கும்.

கோடையில் டெல்லியில் அதிகாலை 4 மணிக்கு ஏறி 14½ மணி நேரம் பறந்தால், அங்கே அதே நாள் காலை 6 மணி. கடிகாரப்படி 2 மணி நேரம்தான்!

திரும்பும்போது நேர்மாறு. அங்கே சனிக்கிழமை இரவு 9 மணிக்கு ஏறி 16 மணி நேரம் பறந்தால், டெல்லியில் இறங்கும்போது திங்கட்கிழமை அதிகாலை 1.30 மணி. ஞாயிற்றுக்கிழமை வானத்திலேயே முடிந்து விடும்.

எனவே மகனையோ மகளையோ அழைத்து வரப் போகிறவர்களும், சொந்த ஊருக்கு ரெயில் டிக்கெட் போடுகிறவர்களும் டிக்கெட்டில் இறங்கும் தேதியை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஞாயிற்றுக்கிழமைக்கு ரெயில் டிக்கெட் போட்டு விட்டால், ரெயில் போன பிறகுதான் விமானம் தரை இறங்கும். டிக்கெட் காசு போனது போனதுதான்!