மலைப்பாதையில் ஒரு மொய்க்கணக்கு

2010 ஜூலை 19. பிரான்ஸின் பிரனீஸ் மலையில் போர் த பாலே என்ற கடுமையான ஏற்றம். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் அன்று முதலிடத்தில் இருந்தவர் லக்ஸம்பர்க் நாட்டின் ஆண்டி ஷ்லெக். முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சி அவர் உடம்பில். உச்சி நெருங்கும் நேரத்தில் சீட்டிலிருந்து எழுந்து, எல்லோரையும் உதறிவிட்டுப் போகும் வேகத்தில் ஓங்கி மிதித்தார். செயின் கழன்றது.

சைக்கிள் ஓட்டிய எல்லோருக்கும் தெரிந்த அவஸ்தைதான். இறங்க வேண்டும், குனிய வேண்டும், கிரீஸ் அப்பிய விரல்களால் செயினைப் பல்சக்கரத்தில் மாட்ட வேண்டும். அவர் அதைச் செய்துகொண்டிருந்தபோது இரண்டாம் இடத்தில் இருந்த ஸ்பெயின் வீரர் ஆல்பர்ட்டோ கொன்டடோர் பக்கத்தில் கடந்து போனார். நிற்கவில்லை. வேகத்தைக் கூட்டினார். காலையில் 31 விநாடி முன்னிலையோடு கிளம்பிய ஷ்லெக், மாலையில் லூஷோன் ஊரில் இறங்கியபோது 8 விநாடி பின்தங்கியிருந்தார். மேடையில் மஞ்சள் ஜெர்சியை வாங்கிய கொன்டடோரைப் பார்த்துக் கூட்டம் கூச்சல் போட்டது.

மூன்று வாரம், 21 கட்டங்கள், மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஒவ்வொரு நாள் எடுத்த நேரத்தையும் கூட்டி, யாருடைய மொத்தம் குறைவோ அவரே சாம்பியன். கொன்டடோர் அன்று பறித்தது 39 விநாடி. ஆறு நாள் கழித்துப் பாரிஸில், சுமார் 92 மணி நேரம் சைக்கிள் மிதித்த பிறகு, சாம்பியனான கொன்டடோருக்கும் ஷ்லெக்குக்கும் இடையே இருந்த வித்தியாசமும் 39 விநாடிதான். சண்டை மூள இதற்கு மேல் என்ன வேண்டும்?

மஞ்சள் ஜெர்சிக்காரர் விழுந்தாலோ வண்டி மக்கர் செய்தாலோ அந்த நேரம் பார்த்துத் தாக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டில் எழுதாத சட்டம். விதிப்புத்தகத்தில் கிடையாது, மீறினால் அபராதமும் கிடையாது. இதைப் பெருந்தன்மை, வீரமரபு என்றெல்லாம் ஐரோப்பியப் பத்திரிகைகள் உருகி எழுதும். எனக்கு இதில் தெரிவது பெருந்தன்மையைவிட நம்மூர் மொய் நோட்டு. இன்று நீ எனக்கு வைத்ததை நாளை உன் வீட்டு விசேஷத்தில் நான் திருப்பி வைப்பேன்; வைக்காமல் விட்டால் ஊர் பார்த்துக்கொள்ளும்.

அப்படி ஒரு கணக்கு இங்கே உருவானதற்குக் காரணம் காற்று. தனியாக ஓட்டுபவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதிலேயே கரைந்துவிடும். முன்னே போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் மூன்றில் ஒரு பங்கு வரை சக்தி மிச்சம். ஆகவே எதிரியாக இருந்தாலும் அவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கித்தான் ஆக வேண்டும்; முறை வைத்து முன்னே வந்து காற்றை வாங்கித்தான் ஆக வேண்டும். நூற்றெழுபது, நூற்றெண்பது பேர் மூன்று வாரம் தோளோடு தோள் உரசி, மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் கூட்டத்தில் ஒருவன் கெட்ட பேர் வாங்கிவிட்டால், அடுத்த மலையில் அவனுக்கு யாரும் முறை எடுக்க மாட்டார்கள். குத்துச்சண்டையில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே எதிராளியின் நிழல் யாருக்கும் தேவைப்படுவதில்லை.

ஷ்லெக்கின் செயினுக்கு முன்கதை ஒன்று உண்டு. கொன்டடோரைத் திட்டியவர்களில் பலர் அதை வசதியாக மறந்துவிட்டார்கள். அதே ஆண்டு, அதே பந்தயத்தின் இரண்டாம் கட்டத்தில், பெல்ஜியத்தின் ஸ்பா நகரை நோக்கிய மலை இறக்கத்தில் சாலை வழுக்கி, வரிசையாகப் பலர் விழுந்தார்கள். ஷ்லெக் சகோதரர்கள் இருவரும் அதில் அடக்கம். அன்று மஞ்சள் ஜெர்சி ஃபாபியன் கான்செல்லாராவிடம் இருந்தது. அவர் ஷ்லெக்கின் அணிக்காரர். முன்னால் போனவர்களை அவர் தடுத்து நிறுத்தி, விழுந்தவர்கள் வந்து சேரும்வரை கூட்டத்தை மெதுவாக ஓட்டவைத்தார். தனியாக முன்னேறியிருந்த சில்வான் ஷவானெலிடம் தன் ஜெர்சியையே பறிகொடுத்தார். ஆஹா என்றார்கள்.

மறுநாள் கருங்கல் பாவிய கிராமச் சாலைகள். ஆண்டியின் அண்ணன் ஃபிராங்க் விழுந்து காறை எலும்பு முறிந்தது. அவருக்குப் பின்னால் பாதை அடைபட்டது. கொன்டடோர் உட்படப் பலர் சிக்கிப் பின்தங்கினார்கள். இந்த முறை கான்செல்லாரா யாருக்கும் கை காட்டவில்லை. ஆண்டியைத் தன் பின்சக்கரத்தில் ஒட்டவைத்துக்கொண்டு பேய்வேகத்தில் இழுத்துப் போனார். கொன்டடோருக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் நஷ்டம். கான்செல்லாராவுக்கு மஞ்சள் ஜெர்சி திரும்பக் கிடைத்தது. முதல் நாள் தர்மம், மறுநாள் பந்தயம்!

இதைப் பார்த்துவிட்டு வந்த மனிதரிடம் இரண்டு வாரம் கழித்து 'ஏன் காத்திருக்கவில்லை?' என்று கேட்டால் எப்படி? என் கணக்கில் கொன்டடோர் யாருக்கும் எதுவும் பாக்கி வைக்கவில்லை. ஆனாலும் அன்று இரவே அவர் வீடியோ ஒன்றில் மன்னிப்புக் கேட்டார். மூன்று நாள் கழித்து டூர்மலே மலை உச்சியில் மூடுபனிக்குள் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். கடைசி மீட்டர்களில் கொன்டடோர் முந்த முயலவில்லை. அன்றைய வெற்றி ஷ்லெக்குக்கு. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் கட்டிக்கொண்டார்கள். மொய் திரும்ப வைக்கப்பட்டது.

கடைசியில் அந்தப் பட்டம் கொன்டடோரிடம் தங்கவுமில்லை. அந்தப் பந்தயத்தின்போது எடுத்த மாதிரியில் கிளென்பியூட்டரால் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தது தெரியவந்து, 2012 பிப்ரவரியில் விளையாட்டு நடுவர் மன்றம் பட்டத்தைப் பறித்தது. 2010இன் வெற்றியாளர் என்று இன்று ஏட்டில் இருப்பது ஷ்லெக்கின் பெயர்.

ஊக்கமருந்து என்றதும் இன்னொரு காட்சி. 2003 டூர், லூஸ் அர்டிடென் ஏற்றம். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கும் ஜெர்மனியின் யான் உல்ரிச்சுக்கும் இடையே வெறும் 15 விநாடிதான் வித்தியாசம். சாலையோர ரசிகர் ஒருவரின் துணிப்பையில் ஹேண்டில்பார் மாட்டி, ஆம்ஸ்ட்ராங் கீழே விழுந்தார். உல்ரிச் தாக்கவில்லை. சக போட்டியாளர் டைலர் ஹாமில்டன் முன்னே வந்து, எல்லோரும் மெதுவாகப் போங்கள் என்று சைகை காட்டினார். ஆம்ஸ்ட்ராங் எழுந்து வந்தார்; சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே எல்லோரையும் விட்டுவிட்டுப் பறந்து அந்தக் கட்டத்தை வென்றார். பல ஆண்டுகள் இது விளையாட்டு நாகரிகத்தின் பாடமாகக் காட்டப்பட்டது. பிறகு மூவருமே ஊக்கமருந்து எடுத்தவர்கள் என்று அவரவர் வாயாலேயே வெளிவந்தது. ரத்தத்தில் திருட்டு, சாலையில் மரியாதை. இதைப் போலித்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஊரை ஏமாற்றினார்கள், ஒருவருக்கொருவர் கணக்கைச் சுத்தமாக வைத்துக்கொண்டார்கள். மனிதர்கள் இப்படியும் இருக்கிறார்கள்.

இன்றைய தலைமுறையின் பெரும் போட்டி ஸ்லோவேனியாவின் தாடே போகாச்சருக்கும் டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகார்டுக்கும் இடையே நடக்கிறது. 2022இல் ஓட்டகாம் மலைக்குப் போகும் வழியில், ஸ்பாண்டெல் கணவாய் இறக்கத்தில் இருவரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். முதலில் விங்கெகார்டின் சக்கரம் தடுமாறியது, எப்படியோ சமாளித்தார். அடுத்து போகாச்சர் ஜல்லியில் சறுக்கி விழுந்தார். மஞ்சள் ஜெர்சியில் இருந்த விங்கெகார்ட் பெடலை நிறுத்தித் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தார். போகாச்சர் வந்து சேர்ந்ததும் ஓடும் சைக்கிளிலேயே கையை நீட்டினார், பிடித்துக் குலுக்கினார்கள். சற்று நேரத்தில் ஓட்டகாம் ஏற்றத்தில் விங்கெகார்ட் அவரை ஒரு நிமிடத்துக்கும் மேல் பின்தள்ளிப் பட்டத்தை ஏறக்குறைய உறுதி செய்துகொண்டார். 2 நிமிடம் 18 விநாடி முன்னிலை கையில் இருந்தவருக்குக் காத்திருப்பது சுலபம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அதிலும் உண்மை உண்டு.

2025இல் காட்சி மாறியது. துலூஸ் நகருக்குள் நுழையும் நேரத்தில் போகாச்சர் இன்னொருவரின் சக்கரத்தில் தட்டி விழுந்தார். விங்கெகார்ட் உட்பட முன்னணியினர் வேகத்தைக் குறைத்து அவரைச் சேரவிட்டார்கள். போகாச்சர் நன்றி சொன்னார். மறுநாள் கட்டம் முடிந்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? அதே ஓட்டகாமில். அங்கே விங்கெகார்டை 2 நிமிடம் 10 விநாடி பின்தள்ளி, ஒரே மாலையில் போட்டியை முடித்துவைத்தார். காத்திருந்ததற்காகக் கருணை காட்ட வேண்டும் என்று கணக்கில் எங்கும் இல்லை.

இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் ஜோடி ஒன்று இத்தாலியில் இருந்தது. ஜினோ பார்த்தாலி, ஃபாவுஸ்டோ கோப்பி. பார்த்தாலி மூத்தவர், பழுத்த கத்தோலிக்கர். கோப்பி ஐந்து வயது இளையவர், புதுமை விரும்பி. போருக்குப் பிந்தைய இத்தாலியே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. 1948 உலக சாம்பியன் போட்டியில், நீ தாக்கினால் நான் தாக்குவேன் என்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே ஓட்டி, கடைசியில் இருவருமே பாதியில் விலகினார்கள். இத்தாலிய சம்மேளனம் இருவரையும் இடைநீக்கம் செய்தது. மற்றவன் ஜெயிக்காமல் இருந்தால் போதும் என்ற நிலை!

அடுத்த ஆண்டு டூர் பந்தயத்தில் இருவரும் ஒரே தேசிய அணியில் ஓட்ட வேண்டிய கட்டாயம். மேலாளர் ஆல்ஃபிரெடோ பிண்டா என்ன பாடுபட்டாரோ. ஜூலை 18 பார்த்தாலியின் 35ஆவது பிறந்தநாள். பிரியான்சோன் கட்டத்தில் இருவரும் மற்றவர்களைக் கழற்றிவிட்டுச் சேர்ந்தே வந்தார்கள். கோப்பி வெற்றியை மூத்தவருக்கு விட்டுக்கொடுத்தார். மறுநாள் ஆவோஸ்தா போகும் வழியில் பார்த்தாலி பஞ்சராகி, பிறகு விழவும் செய்தார். முதலில் கோப்பி காத்திருந்தார். இனிக் காத்திருக்க வேண்டாம், போ என்று உத்தரவு வந்ததும் போனார். மஞ்சள் ஜெர்சியை வாங்கினார். அந்த டூர் அவருக்கு, இரண்டாம் இடம் பார்த்தாலிக்கு.

1952இல் ஆல்ப்ஸ் ஏற்றம் ஒன்றில் எடுத்த புகைப்படத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் கோப்பியின் கையிலிருந்து பார்த்தாலிக்கோ, பார்த்தாலியின் கையிலிருந்து கோப்பிக்கோ போய்க்கொண்டிருக்கிறது. யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்று இத்தாலியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போடுகிறார்கள். கடன்காரர் யார் என்று தெரிந்தாக வேண்டுமே!

திருப்பி வைக்காத மொய்யும் உண்டு. 2017இல் இத்தாலியின் ஜிரோ டி இத்தாலியா பந்தயத்தில் போட்டியாளர் நைரோ கின்டானா விழுந்தபோது டச்சு வீரர் டாம் டுமுலான் கூட்டத்தை மெதுவாக்கிக் காத்திருந்தார். இரண்டு நாள் கழித்து மலையடிவாரத்தில் டுமுலானுக்கே வயிறு கலக்கியது. சாலையோரம் ஜெர்சியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட வேண்டிய நிலை. எதிரிகள் கொஞ்சம் தயங்கினார்கள், பிறகு கிளம்பிவிட்டார்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் போனது. வயிற்றுக் கோளாறு விபத்தில் சேர்த்தியா என்று இன்றுவரை தீர்ப்பு வரவில்லை. பட்டத்தை டுமுலான்தான் வென்றார், அதே கின்டானாவைவிட 31 விநாடி முந்தி.

இத்தனை கதைகளிலும் காத்திருப்பு யாருக்குக் கிடைத்தது என்று பாருங்கள். ஜெர்சிக்காரருக்கும் ஜெர்சிக்குப் போட்டியிடுபவருக்கும் மட்டும்தான். தலைவருக்குத் தண்ணீர் சுமந்து, அவருக்காகக் காற்று வாங்கும் துணை வீரர் விழுந்தால் கூட்டம் நிற்காது. ஓடும் காரிலிருந்து மருத்துவர் எட்டி மருந்து போடுவார். இவர் ஒரு கையால் கார் கதவைப் பிடித்தபடி மிதிப்பார்.

ஆனால் மலை நாட்களில் இப்படிப்பட்டவர்களும் ஏற்றம் வராத வேக வீரர்களும் பின்னால் ஒரு தனிக் கூட்டமாகச் சேர்ந்துகொள்வார்கள். அன்றைய வெற்றியாளரின் நேரத்தோடு குறிப்பிட்ட சதவீதம் கூட்டிக் காலக்கெடு வைப்பார்கள். அதைத் தாண்டினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆகவே அணி பார்க்காமல் முறை வைத்துக் காற்று வாங்கி ஊர்ந்து வருவார்கள். முந்தைய நாள் முழங்கை இடித்துக்கொண்டவர்களும் அதில் இருப்பார்கள். என்னைக் கேட்டால், இந்த விளையாட்டில் ஓட்டகாம் கைகுலுக்கலைவிடப் பெரிய விஷயம் இதுதான். அடுத்த ஜூலையில் டிவியில் மலைக் கட்டம் பார்த்தால், ஜெயித்தவர் கோட்டைத் தொட்டதும் அணைத்துவிடாதீர்கள். அரை மணி நேரம் கழித்தும் ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள்.