ஆறாயிரம் ரூபாய் வந்த வழி

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையை ஒட்டிய கடலில் மெல்ல நகர்ந்தபடியே கொட்டித் தீர்த்தது. கரையைக் கடந்தது ஆந்திரத்தின் பாபட்லா அருகே. தண்ணீர் தேங்கியதோ சென்னைப் புறநகரின் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் பள்ளிக்கரணையிலும். டிசம்பர் 17-இல் ரேஷன் கடைகளில் பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். குடும்பத்துக்கு 6,000 ரூபாய், ரொக்கமாக.

500 ரூபாய்த் தாளாக எண்ணினால் ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு தாள்தான். ஆனால் அரசு ஒதுக்கிய மொத்தத் தொகை 1,486.93 கோடி. ஏறக்குறைய மூன்று கோடி தாள்கள்! 15 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தத் தாள்களை வரிசையாக ஒட்டிக்கொண்டே போனால் 4,400 கிலோமீட்டரைத் தாண்டும். தாம்பரத்திலிருந்து ரயிலில் டெல்லி போய்த் திரும்பும் தூரம்.

இரண்டே வாரத்தில் இது எப்படி முடிந்தது? வெள்ளத்துக்குப் பிறகு வீடுவீடாகக் கணக்கெடுத்திருந்தால் மாதங்கள் ஆகியிருக்கும். ரேஷன் கடையிலோ பட்டியல் ஏற்கெனவே தயார். எந்தத் தெருவில் எந்தக் குடும்பம், அதற்கு எந்தக் கடை என்பதெல்லாம் மாதாமாதம் அரிசியும் பருப்பும் வாங்கி வாங்கியே புதுப்பிக்கப்பட்டு வரும் விவரம். கைரேகை பார்க்கும் கருவியும் கடையிலேயே இருக்கிறது. நெரிசல் வராமலிருக்க நாளும் நேரமும் குறித்த டோக்கன். அரிசி வழங்கப் போட்ட பாதையிலேயே பணமும் வந்தது. எனக்கு இதுதான் இந்தக் கதையின் பெரிய ஆச்சரியம். ரேஷன் அட்டை இல்லாதவர்கள் தனியே விண்ணப்பித்தார்கள்.

எந்தப் பகுதிகளுக்குப் பணம் என்று எல்லை வகுத்ததும் நுட்பமான வேலை. தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் வட்டங்கள் முழுமையாகச் சேர்ந்தன. திருப்போரூர் வட்டத்தில் மூன்று வருவாய்க் கிராமங்கள் மட்டும்.

இனி, பணத்தின் ஊற்று. ஒவ்வொரு மாநிலத்துக்கும் புயல் வருமுன்பே நிரப்பி வைக்கும் ஒரு பானை உண்டு: மாநிலப் பேரிடர் நிவாரண நிதி. தமிழ்நாட்டுக்கு அதில் போடும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 75 ஒன்றிய அரசுடையது, 25 மாநிலத்துடையது. 2023-24-க்கு மொத்தம் 1,200 கோடி. ஒன்றியத்தின் இரண்டாம் தவணையான 450 கோடி, மிக்ஜாமுக்காக முன்கூட்டியே விடுவிக்கப்பட்டது. ஆனால் இந்த ஆறாயிரங்களைக் கூட்டினாலே அந்த ஆண்டின் பானை போதாது என்பதைக் கவனியுங்கள். சாலை, மின்கம்பம், ஏரிக்கரை எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை.

பானை போதாதபோது தேசியப் பேரிடர் நிவாரண நிதியைக் கேட்கலாம். சுருக்கமாக என்.டி.ஆர்.எஃப். ரப்பர் படகில் வந்து மீட்பவர்களுக்கும் அதே பெயர்தான். அது படை, இது பணம். இந்த நிதியை நிரப்புவது சிகரெட் போன்றவற்றின் மீது 2001 முதல் விதிக்கப்படும் ஒரு தனித் தீர்வை. தாம்பரத்துப் பெட்டிக்கடையில் யாரோ பற்றவைத்த சிகரெட்டின் காசும் அதில் சேர்கிறது!

இந்த நிதியைத் தருவதற்கு முன் ஒரு கழித்தல் உண்டு. மாநிலத்தின் பானையில் மீந்திருக்கும் இருப்பில் பாதியைக் கழித்துக்கொள்வார்கள். சிறுவாட்டில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கைமாற்று தருவது போல. அடுத்த புயலுக்கென மிச்சம் பிடித்த மாநிலத்துக்கு இது வலிக்கும் விதி என்றே நினைக்கிறேன். மிக்ஜாமுக்கு அனுமதியானது 285.54 கோடி, உடனே விடுவிக்கப்பட்டது 115.49 கோடி. அப்போது 2024 ஏப்ரல் கடைசி. தாம்பரத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.