வல்லூறுக்கு எல்லை வகுப்பது எது?

பொரி வல்லூறு இரைமீது பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுகிறது. அன்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் அது பரவியிருப்பதற்கு இந்த வேகமே காரணம் என்று எண்ணத் தோன்றும். ஆனால், அதைவிடப் பெரிய கிர் வல்லூறு, வலுவான சிறகிருந்தும், ஆர்க்டிக் பனிவெளியையும் அதன் அக்கம்பக்கத்தையும் ஒட்டியே வாழ்கிறது. அங்குள்ள டார்மிகன் என்ற கோழியினப் பறவையே அதன் முக்கிய உணவு. பொரி வல்லூறுக்கோ புறா முதல் வாத்து வரை எந்தப் பறவையும் இரைதான். பாறை விளிம்போ நகரத்து மாடியோ, எங்கும் முட்டையிடும். இலங்கையின் சிகிரியாப் பாறையில் வாழும் ஷாகீன் வல்லூறும் இதே இனத்தின் ஒரு கிளை. ஆகவே, எல்லையை வகுப்பதில் சிறகைவிட வயிற்றுக்கும் முட்டையிடும் இடத்துக்குமே பங்கு அதிகம்.

அப்படியானால், சைபீரியாவின் தென்கிழக்கிலிருந்து நாகாலாந்து வழியாக அரபிக்கடலைக் கடந்து தென்னாப்பிரிக்கா வரை செல்லும் அமுர் வல்லூறு? சிறகுதானே அதைக் கொண்டுசேர்க்கிறது என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், போய்ச்சேர்வது வேறு, குடியேறுவது வேறு. ஆப்பிரிக்காவில் அது குஞ்சு பொரிப்பதில்லை. மொரீசியஸ் தீவின் சிறு வல்லூறு இதற்கு இன்னும் தெளிவான சான்று. அதன் மூதாதைகள் கடல் கடந்தே அங்கு வந்திருக்க வேண்டும். காட்டுக்குள் பல்லி பிடித்து வாழப் பழகிய அந்த இனத்துக்குச் சிறகும் குட்டையாகிவிட்டது. காடழிப்பாலும் டிடிடி பூச்சிமருந்தாலும் 1974இல் காட்டில் அறியப்பட்டவை நான்கே நான்கு. வளர்ப்பகத்தில் பெருக்கி விட்ட பிறகுதான் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் மீண்டது.